நலம் விசாரித்த பிறகு

வணக்கம் அம்மா,

நான் கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் இல்லை. என்னை வளர்த்தது அப்பத்தா. அவருக்கு இப்போது 84 வயது, சித்தப்பா வீட்டில் இருக்கிறார். சனிக்கிழமை இரவு தவறாமல் கூப்பிடுவேன். அங்கே அது ஞாயிறு காலை. "சாப்பிட்டியா அப்பத்தா, மாத்திரை போட்டியா, கால் வலி எப்படி இருக்கு" என்று கேட்டு முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அப்புறம் இருவருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை. "சரிய்யா, காசு ஆகும், வச்சிரு" என்று அவரே முடித்துவிடுவார். வீடியோவில் கூப்பிட்டால் சித்திதான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார், எனக்கு மின்விசிறியும் அப்பத்தா நெற்றியும்தான் தெரிகின்றன. என் ஆறு வயது மகள் என்ன சொன்னாலும் "சரிடா தங்கம்" என்கிறார். காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. போன மாதம் வாட்ஸப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. இவர்கள் யார் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். அன்று மட்டும் அரைமணி நேரம் பேசினார். அடுத்த வாரம் மறுபடி பழையபடிதான். தூரம் போய்விட்டால் உறவு இப்படித்தான் ஆகிவிடுமா? அடுத்த வருடம் இரண்டு வாரம் லீவு கிடைக்கும். ஏதாவது ஒரு கல்யாணத்தை ஒட்டி வரலாமா என்று யோசிக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தப் பத்திரிகையை விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

நீங்கள் வாராவாரம் கேட்கும் மூன்று கேள்விகளும் நர்ஸ் கேட்க வேண்டியவை. எந்த வயலை யாருக்குக் குத்தகைக்கு விடுவது, எந்த வீட்டில் பெண் எடுப்பது என்று ஒரு குடும்பத்தையே நடத்தியவர் அவர். இன்று அவரிடம் எல்லோரும் கேட்பது சாப்பாடும் மாத்திரையும் மட்டும்தான். அதற்கு "ம்" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? பத்திரிகை வந்த அன்று நீங்கள் கேட்டது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். யார் யாருக்குப் பங்காளி, எந்த வீட்டோடு எப்போது பேச்சு நின்றது என்பதெல்லாம் உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்குத் தெரியும்? அதனால்தான் அரைமணி நேரம்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக்குப் பிரிவு புதிதில்லை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஆள் போன சீமை அது. ரஜூலா கப்பலில் ஏறிப் போனவர் திரும்பி வர வருடங்கள் ஆகும். கடிதத்துக்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். என் தாத்தா மலாயாவில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். அவர் பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் சில தகரப் பெட்டியில் கிடந்தன. எடுத்துப் படித்திருக்கிறேன். "இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா" என்ற முதல் வரியோடு நல விசாரிப்பு முடிந்துவிடும். இரண்டாவது வரியிலேயே காரியம்தான். மேலக்காட்டை இந்த வருஷம் குத்தகைக்கு விட வேண்டாம். சின்னவனுக்குக் காது குத்துவதைத் தை மாதம் வைத்துக்கொள். மாட்டை விற்றுவிடலாமா, யோசித்து எழுது. பாட்டியின் பதில்கள் எங்களிடம் இல்லை. ஆனால் தாத்தாவின் அடுத்த கடிதத்தில் "நீ சொல்வதும் சரி, மாடு இருக்கட்டும்" என்று இருக்கும். இத்தனைக்கும் பாட்டிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அடுத்த வீட்டுப் பையனை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைப்பாராம். நடுவே ஒரு கடலே இருந்தும் இருவரும் சேர்ந்தே ஒரு வீட்டை நடத்தியிருக்கிறார்கள்.

உங்களுக்கும் அப்பத்தாவுக்கும் நடுவே அப்படி ஒரு காரியம் நடக்க வேண்டும். செய்முறையில், அதாவது விசேஷ வீட்டுக்கு நாம் செய்யும் மொய்யில், தொடங்குங்கள். பத்திரிகை வந்தால் போனிலேயே நேராகப் பணம் அனுப்பிவிடுவது சுலபம்தான். அப்படிச் செய்யாதீர்கள். "நம்ம வீட்டு விசேஷத்துக்கு அவங்க என்ன செஞ்சாங்க, நாம எவ்வளவு செய்யணும்?" என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். பழைய மொய் நோட்டு வீட்டில் எங்காவது இருக்கும், எடுக்கச் சொல்லுங்கள். பணத்தைச் சித்தப்பாவுக்கு அனுப்பி அப்பத்தா கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவரால் கல்யாணத்துக்குப் போக முடியாவிட்டாலும், பேரன் பெயரில் செய்முறை அவர் கையிலிருந்து போகும். யார் வந்தார்கள், யார் முகம் கொடுத்துப் பேசவில்லை, பந்தியில் என்ன குறை என்று அடுத்த வாரம் உங்களுக்குச் சொல்ல அவரிடம் விஷயம் சேர்ந்திருக்கும். சனிக்கிழமை வரை பொறுக்காமல் அவரே மிஸ்டு கால் கொடுத்தாலும் கொடுப்பார்.

ஆனால் ஒன்று, கேட்பதற்காகக் கேட்காதீர்கள். பெரியவர்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். குழந்தைக்குச் சளி என்று யோசனை கேட்டால், அதைச் செய்தீர்களா இல்லையா என்று மறுமுறை சொல்லுங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள். அவர் திட்டினால் திட்டட்டும். அதேபோல உங்கள் கஷ்டங்களையும் மறைக்காதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம், வாடகை ஏறியது, மனைவியோடு வந்த சின்ன மனஸ்தாபம், எல்லாவற்றையும் "பெரியவங்களுக்கு எதுக்குக் கவலை" என்று மூடி வைக்கிறோம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அப்பா, அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவருக்கா கவலையைத் தாங்கத் தெரியாது? நல்ல சேதி மட்டும் சொல்கிற பேரனிடம் அவரும் நல்ல சேதி மட்டும்தான் சொல்வார்.

நீங்கள் கூப்பிடும் நேரமும் சரியில்லை. ஞாயிறு காலை எட்டரை மணிக்கு உங்கள் சித்தப்பா வீடு எப்படி இருக்கும்? டிவி ஓடும், மிக்ஸி ஓடும், கறி வாங்க யாராவது கிளம்பிக்கொண்டிருப்பார்கள். கிராமத்தில் இந்த வயதுக்காரர்கள் பெரும்பாலும் நாலரை மணிக்கே எழுந்துவிடுவார்கள். மற்றவர்கள் எழும்வரை வீடு அவர்களுடையது. காலை 5 மணிக்கு அவர் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு முந்தைய நாள் மாலை 4.30. நவம்பரில் உங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 3.30. மகளும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பாள். வாரத்தில் மூன்று நாள், ஐந்தைந்து நிமிடம் போதும். ஒரு பட்டன் போன் அவருக்கென்று தலைமாட்டில் இருக்கட்டும். பேச்சைக் கேட்க ஆள் சுற்றி நின்றால், மருமகளைப் பற்றியோ மகனைப் பற்றியோ ஒரு சொல் வாயில் வராது.

"சரிடா தங்கம்" விஷயத்துக்கு வருகிறேன். அது காது கேட்காததன் அடையாளமாக இருக்கலாம். வயதானால் முதலில் போவது மேல் சுருதி ஒலிகள். உயிரெழுத்துகளின் ஓசை கேட்கும், ச, ஸ, த போன்றவை நழுவும். யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது. குழந்தையின் கீச்சுக்குரல் என்றால் இன்னும் கஷ்டம். போதாததற்குச் சாதாரண போன் அழைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். 'ஸ'கரத்தின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. நாம் உடனே கத்த ஆரம்பிக்கிறோம். கத்தினால் சுருதி ஏறுகிறது, வார்த்தை இன்னும் குழம்புகிறது. குரலைத் தாழ்த்தி நிறுத்திப் பேசுங்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீடியோவை மகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள், உதட்டசைவு தெரிந்தால் பாதி புரிந்துவிடும். போனைக் கையில் பிடிக்க வேண்டாம், முகத்துக்கு நேராக எதிலாவது சாய்த்து வைக்கச் சொல்லுங்கள்.

அதோடு காதைப் பரிசோதிக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். சில சமயம் அடைத்திருக்கும் குறும்பி, அதாவது காது அழுக்குதான் காரணமாக இருக்கும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். "எனக்கென்ன செவிடா" என்று கோபப்படுவார். நீங்கள் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன். இது பேச்சுக்காக மட்டுமல்ல. மறதி நோயைத் தள்ளிப்போட நம்மால் கவனிக்க முடிந்த காரணங்களில் செவித்திறன் குறைவும் முக்கியமானது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2020-இல் சொன்னது.

உங்கள் கடிதத்தில் சித்தி ஒரே ஒரு வரியில், போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதானா? அந்த போனுக்குச் சார்ஜ் போடுவதும், அப்பத்தாவுக்கு வெந்நீர் வைப்பதும், நடு ராத்திரி எழுந்து பார்ப்பதும் அவராகத்தான் இருக்கும். "அப்பத்தாகிட்ட குடுங்க சித்தி" என்பதைத் தாண்டி அவரிடம் பேசுங்கள். வேறொரு நாள் அவருக்கென்றே கூப்பிடுங்கள். மாத்திரை, கால் வலி எல்லாம் அவரிடம் கேட்க வேண்டியவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அப்பத்தா பெயர் அதில் இருக்கிறதா என்று அவர்தான் சொல்ல முடியும். வயதானவர்களைக் கவனிப்பவர்களுக்கு வெளியூர்ப் பிள்ளைகள் மேல் ஒரு வருத்தம் இருக்கும், அது நியாயமான வருத்தம். பணம் அனுப்பினால் மட்டும் அது தீராது.

இன்னொன்று. மகளை ஒரு தாளில் நாலே வரி, பெரிய எழுத்தில், தமிழில் எழுதச் சொல்லித் தபாலில் அனுப்புங்கள். கூடவே ஒன்றிரண்டு போட்டோக்களை அச்சுப் போட்டு அனுப்புங்கள். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். போனில் பேசியது அப்போதே போய்விடும். தாள் தலையணைக்கடியில் இருக்கும், வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டலாம்.

கடைசியாக உங்கள் லீவு. கல்யாணத்தை ஒட்டி வராதீர்கள். மண்டபத்துக்கும் வீட்டுக்குமாக அலைவீர்கள், அப்பத்தா எல்லோர் பார்வையிலும் படும்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆடி மாதம் வாருங்கள். உங்கள் மகளுக்கும் அப்போது கோடை விடுமுறை, ஆகஸ்ட் நடுவில்தான் பள்ளி திறப்பார்கள். டிக்கெட் விலை கூடத்தான் இருக்கும். ஆனால் ஆடியில் முகூர்த்தம் கிடையாது, யாரும் பத்திரிகையோடு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் உகந்த மாதம். எந்த வெள்ளிக்கிழமை வைக்கலாம், யார் யாரைக் கூப்பிட வேண்டும், கிடா வெட்டுவதா வேண்டாமா என்றெல்லாம் இப்போதே அப்பத்தாவிடம் கேட்டு, அவர் நாள் சொன்ன பிறகு டிக்கெட் போடுங்கள்.

அன்புடன்.