வாசகர் கேள்வி: எந்த ஆன்டிபாடியை நம்புவது?

கேள்வி: சுண்டெலியின் கால் தசையில், நார்களின் சவ்வை ஒட்டியிருக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதத்தை ஆராய, அதைப் பற்றிக்கொள்ளும் இரண்டு ஆன்டிபாடிகளைப் பயன்படுத்தினேன். ஒன்று தசைத் துண்டில் நார்களின் விளிம்பிலும், நார்களுக்கு இடையிலும் ஒளிர்கிறது. மற்றொன்று, புரதங்களை ஜெல்லில் பருமன்படி பிரித்து, தாள் போன்ற சவ்வுக்கு மாற்றிப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை எதையும் காட்டவில்லை. எதை நம்புவது? சேலத்து வெயிலில் பார்சல் கெட்டிருக்குமோ?
– முதுகலை மாணவி, கருப்பூர், சேலம்.

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். முதல் ஆன்டிபாடி எந்த விலங்கில் உருவாக்கப்பட்டது என்று பாருங்கள். சுண்டெலியில் உருவானதென்றால், அதைக் கண்டறிய நீங்கள் சேர்க்கும் இரண்டாம் நிலை ஆன்டிபாடி, தசையில் இயல்பாகவே தங்கியிருக்கும் சுண்டெலி ஆன்டிபாடிகளையும் பற்றிக்கொள்ளும். நார்களுக்கு இடையே தெரியும் ஒளிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டாம் நிலை ஆன்டிபாடியை மட்டும் இட்ட ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்தால் விடை அன்றே தெரியும். முயலில் உருவாக்கப்பட்டதை வாங்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு நீங்கும்.

பட்டை தெரியாததற்குப் புரதத்தின் பருமனே காரணமாக இருக்கலாம். டிஸ்ட்ரோஃபினின் எடை 427 கிலோடால்டன். வழக்கமான 10 சதவீத ஜெல்லில் அது மேலேயே தங்கிவிடும், சவ்வுக்கும் எளிதில் மாறாது. செறிவு குறைந்த ஜெல்லில் ஓட்டி, குளிர் அறையில் இரவு முழுவதும் மாற்றிப் பாருங்கள். புரதத்தின் மடிந்த வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும் சில ஆன்டிபாடிகள், உறைந்த தசைத் துண்டில் நன்றாக வேலை செய்தாலும், ஜெல்லில் ஓட்டச் சேர்க்கும் எஸ்டிஎஸ் என்ற வேதிப்பொருள் புரதத்தை விரித்துவிடுவதால் பிளாட்டில் தோற்றுப்போகும் என்பதையும் மறக்காதீர்கள்.

இவற்றைவிட முக்கியமானது, எம்டிஎக்ஸ் என்ற மரபணு மாற்றமுள்ள சுண்டெலி வகையின் தசை. அதன் டிஸ்ட்ரோஃபின் மரபணுவில், 23ஆம் எக்ஸானில் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதிகளுள் ஒன்று), புரத உருவாக்கத்தை இடையிலேயே முடிக்கும் நிறுத்தக் குறி விழுந்திருப்பதால் முழுநீளப் புரதம் உருவாவதில்லை; அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில நார்கள் மட்டும் ஒளிரும். அந்தத் தசையிலும் எல்லா நார்களும் ஒளிர்ந்தால், உங்கள் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. இந்த ஒப்பீடு இல்லாத படத்தை ஆய்வேட்டில் சேர்க்க நான் ஒப்பமாட்டேன். அந்த எலியை வளர்க்கும் ஆய்வகத்திடம் ஒரு துண்டு உறைதசையை உலர்பனியில் வைத்து அனுப்பும்படி உங்கள் வழிகாட்டி வழியாகக் கேளுங்கள். கூடவே நாரின் சவ்வை ஒட்டிய மற்றொரு புரதமான ஸ்பெக்ட்ரினையும் சாயமிடுங்கள். நாரின் சவ்வு சிதையாமல் இருக்கிறதா என்பது அதில் தெரியும்.

வெயிலைப் பற்றிய கவலை சற்று அதிகம். ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை ஓரிரு நாள் வெப்பத்தைத் தாங்கும். மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்குவதே அவற்றைக் கெடுக்கும். ஆகவே வந்தவுடன் சிறு குப்பிகளாகப் பிரித்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட வெப்பநிலையில் வையுங்கள்.