ஜெட் ஸ்கீயில் எஞ்சின் அலறுகிறது, வண்டி மட்டும் இழுக்கவில்லை. ஏன்?

தண்ணீர் மேல் நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீயைத் தள்ளுவது பின்பக்கப் பம்ப்தான். அதிலுள்ள இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கைச் சக்கரம்) சுற்றியிருக்கும் வளையத்துக்குப் பெயர் வேர் ரிங். இரண்டுக்கும் நடுவே இடைவெளி சுமார் 0.6 மி.மீ.யைத் தாண்டினால், தண்ணீர் பின்னால் பீய்ச்சாமல் இடுக்கு வழியே நழுவித் திரும்பிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் மோட்டார் மணல் அரித்தபின் ஓடிக்கொண்டேயிருந்தும் தண்ணீர் குறையுமே, அதே கதை.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு இறக்கை நுனியிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அகன்றிருந்தால் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். இடைவெளி சரியாக இருந்தும் வண்டி இழுக்கவில்லையா? பம்புக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலுள்ள சீல் காற்றை இழுக்கலாம். 60 செ.மீ.க்குக் குறைந்த ஆழத்தில் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், மணலை உறிஞ்சிவிடும்.

பவர் போய்விட்டது என்று பலர் முதலில் கார்புரேட்டரில் கை வைக்கிறார்கள்; ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) தாராளமாக ஏறுகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் அங்கே இல்லை.