டிரெட்மில்லுக்கு வரிக் கழிவு கிடைக்குமா? வாசகர் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். கழிவு என்றால் வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து குறைக்கும் தொகை. புதிய முறையில் 80டி (மருத்துவக் காப்பீடு, மருத்துவச் செலவு), 80டிடி (உடல், மனக் குறைபாடுள்ள சார்ந்தவர்), 80டிடிபி (குறிப்பிட்ட கடும் நோய்கள்) எதுவும் கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல், நாமாகப் பழைய முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையில்தான் கணக்கிடுவார்கள். பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டப்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் வந்த சட்டத்தில் எண்கள் வேறு.

வயது 44, சர்க்கரை நோய். டாக்டர் நடைப்பயிற்சி எழுதிக் கொடுத்ததால் 45,000 ரூபாய்க்கு டிரெட்மில் வாங்கினேன். 80டியில் காட்டலாமா?

முடியாது. 60 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 80டி முக்கியமாக இரண்டைத்தான் ஏற்கிறது: மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், முன்னெச்சரிக்கை உடல் பரிசோதனை. டாக்டர் சீட்டு இருந்தாலும் கருவிக்கு அதில் இடமில்லை. பரிசோதனைக்கு அனுமதிக்கும் 5,000 ரூபாயில் குளுக்கோமீட்டரையும் ஸ்மார்ட் வாட்சையும் சிலர் சேர்க்கப் பார்க்கிறார்கள். அது பரிசோதனைக் கட்டணத்துக்கு உரியது. 80டியின் 25,000 ரூபாய் வரம்புக்குள்ளேயே அடங்கியது, தனித் தொகை அல்ல.

அப்பாவுக்கு 72 வயது, காப்பீடு இல்லை. வீட்டுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கினோம்.

இங்கே வழி இருக்கிறது. இந்தியாவில் வசிக்கும், 60 வயது நிறைந்த பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 50,000 ரூபாய் வரை 80டியில் கழிக்கலாம். அவர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. ஆனால் அவர் பெயரில் யாரும் காப்பீட்டு பிரீமியம் கட்டியிருக்கக் கூடாது. உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில் அப்பாவைச் சேர்த்திருந்தாலே சிக்கல் வரும். அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்தே 50,000.

பலரும் கோட்டைவிடுவது பணம் கட்டும் விதத்தில். கடைக்காரர் விலையைக் குறைக்கிறார் என்று ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு போய்விடும். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். தம்பி கட்டினால் கழிவு தம்பிக்குத்தான். 'மருத்துவச் செலவு' எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. அதனால் காகிதம்தான் துணை: நுரையீரல் மருத்துவரின் சீட்டில் கருவியின் பெயரும், நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் என்ற அளவும் இருக்கட்டும். பில்லில் அப்பா பெயர் வேண்டும். மாத்திரை, டாக்டர் கட்டணத்தையும் இதிலேயே சேர்க்கலாம். மசாஜ் நாற்காலியைச் சேர்க்காதீர்கள். கேள்வி வந்தால் அது சிகிச்சை என்று நிறுவுவது கடினம்.

மகளுக்கு மூளை முடக்குவாதம், 80 சதவீதக் குறைபாடு. வீட்டுப் பிசியோதெரபி கருவிகளுக்கு 30,000 ஆனது. அவ்வளவுதான் கழிக்கலாமா?

இல்லை, 1,25,000 ரூபாய் முழுவதையும் கழிக்கலாம். 80டிடி செலவுத் தொகையைப் பார்ப்பதில்லை. உங்களைச் சார்ந்தவரின் சிகிச்சை, பயிற்சி, மறுவாழ்வுக்கு உண்மையில் செலவு செய்திருந்தால் போதும். குறைபாடு 40 சதவீதம் முதல் 80க்குக் கீழ் என்றால் 75,000. இது தெரியாமல் ஆண்டுதோறும் பில் தொகையை மட்டும் காட்டி இழக்கும் பெற்றோரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மூளை முடக்குவாதத்துக்குச் சான்றிதழ் படிவம் 10-ஐஏ. வருமான வரிக் கணக்கை (ரிட்டர்ன்) தாக்கல் செய்யும் முன்பே அதை இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

மாமியாருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு, வீட்டிலேயே டயாலிசிஸ். நான் கழிக்கலாமா?

உங்களால் முடியாது; 80டிடிபியில் சார்ந்தவர் பட்டியலில் மாமனார், மாமியார் இல்லை. உங்கள் மனைவிக்கு வருமானம் இருந்து, தாய் அவரைச் சார்ந்திருந்தால், மனைவி தாம் செலுத்திய தொகையைக் கழிக்கலாம். நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1,00,000 வரை, மற்றவர்களுக்கு 40,000. காப்பீட்டில் திரும்பி வந்த பணத்தை இந்தக் கழிவுத் தொகையிலிருந்து குறைத்துவிட வேண்டும். சிறுநீரக நிபுணரின் சீட்டில் நோயாளி பெயர், வயது, நோய், மருத்துவரின் பதிவு எண், பட்டம் எல்லாம் தேவை.

நான் வழக்கறிஞர். முதுகுவலிக்கு வாங்கிய கருவியைத் தொழில் செலவாக எழுதலாமா?

எழுதாதீர்கள். மூத்த வழக்கறிஞர் சாந்தி பூஷண் தம் இதய அறுவைச் செலவைத் தொழில் செலவாகக் கேட்டார். 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. சொந்த உடலுக்குச் செய்தது சொந்தச் செலவு.

போன முறை டிரெட்மில்லை 80டியில் போட்டுவிட்டேன்.

கெடு இருந்தால் திருத்திய ரிட்டர்ன், தாண்டியிருந்தால் கூடுதல் வரியோடு புதுப்பித்த ரிட்டர்ன். நோட்டீஸ் வரும் முன்பே செய்யுங்கள். தவறான தகவல் என்று முடிவானால் தப்பிய வரியைப் போல 2 மடங்கு அபராதம்.