லாங்லீட் சிங்கப் பகுதி வரிசையில் வண்டி சூடாவது பற்றி

வரிசையில் சூடாகும் வண்டியோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லாங்லீட்டுக்கு, அதாவது சொந்த வண்டியிலேயே விலங்குகளுக்கு நடுவே ஓட்டிப் போகும் இங்கிலாந்து சஃபாரி பூங்காவுக்கு, போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம், ஆனால் விசிறியைப் பார்க்காமல் போகாதீர்கள். நெடுஞ்சாலையில் ஒழுங்காக இருந்த சூட்டுமுள் வரிசையில் ஊர்ந்தபோது மட்டும் ஏறியது என்கிறீர்களே, அதனால் எனக்கு முதல் சந்தேகம் ரேடியேட்டர் விசிறி மேல்தான். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், நின்றால் எல்லாம் விசிறியின் பொறுப்பு.

வீட்டு வாசலில் ஏசியை அணைத்துவிட்டு ஐடிலில் ஓட விடுங்கள். முள் நடுவைத் தாண்டுவதற்குள் விசிறி தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஏசியைப் போட்டுப் பாருங்கள்: அப்போது மட்டும் சுற்றினால் சென்சார் பக்கம் கோளாறு, அப்போதும் சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, மோட்டார். கூலன்ட் அளவையும் பாருங்கள், ஆனால் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம்.

ஹீட்டரை முழுதாக வைத்துச் சூட்டை இறக்கும் வித்தை சாலையில் சரி, சிங்கத்துக்கு நடுவே கண்ணாடியை இறக்க முடியாதே, பின்சீட்டுப் பிள்ளைகள் வெந்துவிடுவார்கள். வண்டி நின்றேவிட்டால் எஞ்சினை அணைத்து, ஹாரன் அடித்து, காவலர் வரும்வரை உள்ளேயே இருங்கள். பானெட்டைத் திறக்க இறங்குவது என்ற பேச்சே கூடாது.

குரங்குப் பகுதியைத் தவிர்க்க மாற்றுப்பாதை உண்டு. வைப்பர் ரப்பர் மிஞ்ச வேண்டுமென்றால் அதில் போங்கள். விசிறி சரியாகாவிட்டால் அங்கே சஃபாரி பேருந்து கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 1966-இல் ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் திறந்த, வண்டியிலேயே சுற்றிப் பார்க்கும் சஃபாரி பூங்கா அது, கோடை விடுமுறையில் வரிசை நகரவே நகராது.