கிளாஸ் கையில இருக்கறப்போ கையெழுத்து போடாதீங்க

கேளுங்க, அக்கா சொல்றேன்

(போன இதழ்ல, கலிபோர்னியாவுல ஒயினுக்குப் பேர் போன நாபாவுக்குப் போன ட்ரிப் பத்தி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், இந்தத் தடவை வந்த கடுதாசில பாதி ஒயின்தான். கலிபோர்னியா பே ஏரியா வாசகர்கள் கேட்டதை மட்டும் எடுத்துக்கிட்டேன். வீட்டுக்கடன் கேள்வியெல்லாம் அடுத்த இதழ்ல.)

கேள்வி: அக்கா, நாங்க ஃப்ரீமான்ட்ல இருக்கோம். போன சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட லிவர்மோர்ல ஒரு ஒயினரிக்கு, அதான் ஒயின் பண்ற இடத்துக்கு போனோம், ருசி பாக்கற டேஸ்டிங் ஆளுக்கு 30 டாலர். முடியறப்போ அங்க ஊத்திக் கொடுத்த பொண்ணு, எங்க கிளப்ல சேர்ந்தா இன்னைக்கு டேஸ்டிங் ஃப்ரீ, வருஷத்துக்கு 4 தடவை 6 பாட்டில், 20 பர்சன்ட் தள்ளுபடின்னா. வீட்டுக்காரர் உடனே கார்டை எடுத்துட்டார். நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கார். நான் பண்ணது தப்பா?

பதில்: தப்பே இல்ல. ஆனா அவரையும் ரொம்ப திட்டாதீங்க. ஒரு டேஸ்டிங்ல 5 வகை ஊத்துவாங்க, ஒவ்வொண்ணும் 30ல இருந்து 60 மில்லி, கூட்டிப் பாத்தா ஒரு முழு கிளாஸ், சில இடத்துல அதுக்கும் மேலயே உள்ள போயிருக்கும். மத்தியானம், பாதி வயிறு, எதிர்ல பச்சைப் பசேல்னு திராட்சைத் தோட்டம், சிரிச்சுப் பேசற பொண்ணு, அந்த நேரத்துல யாரா இருந்தாலும் கார்டை எடுத்துடுவாங்க. தி.நகர் கடை லைட்ல தகதகன்னு இருந்த புடவைய வீட்டு ட்யூப்லைட்ல பிரிச்சுப் பாக்கறப்போ ஒரு மாதிரி இருக்குமே, அதே கதைதான். நானும் ஏமாந்தவதான், அதை அப்புறம் சொல்றேன்.

மொதல்ல கணக்கு. ஒரு பாட்டில் 45 டாலர்னு வெச்சுக்கோங்க, 20 பர்சன்ட் போக 36. ஆறு பாட்டில் 216, நாலு தடவைக்கு 864 டாலர், டாக்ஸ் தனி, வீட்டுக்கு அனுப்பச் சொன்னா அந்தக் கூலி தனி. உங்க ரெண்டு பேர் டேஸ்டிங் காசு 60 டாலரை மிச்சம் பிடிக்க 864 டாலருக்கு தலையாட்டறோம். அவங்க பாட்டிலுக்கு 9 டாலர் லாபம்னு சொல்லுவாங்க, சரிதான், ஆனா நீங்க வழக்கமா காஸ்ட்கோல 15 டாலர் பாட்டில் வாங்கற ஆளா இருந்தா அது லாபம் இல்ல, பாட்டிலுக்கு 21 டாலர் கூட செலவு. அதை விட முக்கியம், வருஷத்துக்கு 24 பாட்டில்னா மாசத்துக்கு ரெண்டு. உங்க வீட்டு ரீசைக்கிள் தொட்டில மாசம் எத்தனை ஒயின் பாட்டில் விழுதுன்னு எண்ணிப் பாத்தீங்களா? நம்ம வீடுகள்ல முக்கால்வாசி இடத்துல ஒரு பாட்டிலைத் திறந்தா பாதி குடிச்சுட்டு மீதி ஃப்ரிட்ஜ்ல சாம்பார் டப்பாவுக்குப் பின்னாடி ஒரு வாரம் நின்னு புளிச்சுப் போய் சிங்க்ல ஊத்தறதுதான் நடக்குது.

அதுக்காக கிளப்புன்னாலே ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன். சின்ன ஒயினரிக்கு அதுதான் சோறு போடுது. மொத்த வியாபாரி மூலமா கடைக்கு அனுப்பினா கடை விலைல பாதிக்குப் பக்கத்துலதான் அவங்க கைக்கு வரும், நேரா நமக்கு வித்தா முழுசா நிக்கும், அதான் விழுந்து விழுந்து கூப்பிடறாங்க. நிறைய இடத்துல ஊத்திக் கொடுக்கறவங்களுக்கு ஆள் சேர்த்து விட்டா தனியா கமிஷனும் உண்டு. அவங்க பொழப்பு அது, கோவப்பட ஒண்ணும் இல்ல.

உங்களுக்கு லாபம் எப்போன்னா, அந்த இடத்துக்கு நீங்க எப்படியும் திரும்பத் திரும்பப் போவீங்கன்னா மட்டும்தான். ஃப்ரீமான்ட்ல இருந்து லிவர்மோர் அரை மணி நேரம், ட்ராஃபிக் இருந்தா நான் பொறுப்பில்ல. பல கிளப்ல மெம்பருக்கும் கூட வர்றவங்களுக்கும் சேர்த்து ரெண்டு பேர், சில இடத்துல நாலு பேர் வரைக்கும் டேஸ்டிங் ஃப்ரீ. வருஷத்துல 5 தடவை நாலு பேரா போறீங்கன்னா 600 டாலர் மிச்சம், அப்போ கணக்கே மாறுது. ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்துட்டே இருக்கற வீடா இருந்தா, எல்லாரையும் கோல்டன் கேட் பாலத்துக்கே கூட்டிட்டுப் போய் அலுத்திருந்தா, தாராளமா யோசிக்கலாம். லிவர்மோர்னா நாபாவுக்கு ஒண்ணு விட்ட தம்பின்னு சிலர் இளக்காரமா பேசுவாங்க, அதெல்லாம் காதுல வாங்காதீங்க. வென்ட்டி, கன்கேனன் ரெண்டுமே 1883ல அங்க ஆரம்பிச்சது. இன்னைக்கு கலிபோர்னியால இருக்கற ஷார்டனேங்கற வெள்ளை ஒயின் திராட்சைக் கொடில பெரும்பகுதிக்கு மூலம் அந்த வென்ட்டி தோட்டம்தான்.

இப்போ என் கதை. வந்த புதுசுல நாபால ஒரு இடத்துல, பேர் வேணாம், மூணாவது ஊத்தல்லயே கையெழுத்து போட்டுட்டேன். ஜூலை மாசம் பெட்டி வந்துது. அமெரிக்கால ஒயின் பெட்டிய வாசல்ல வெச்சுட்டுப் போக மாட்டாங்க, 21 வயசு ஆன ஒருத்தர் கையெழுத்து போட்டு வாங்கணும். நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ். மூணு நாள் அந்தப் பெட்டி லாரில ஊரைச் சுத்தி, கடைசியில எங்க மாமனார் சென்னைல இருந்து வந்திருந்தவர் பாஸ்போர்ட்டைக் காட்டி கையெழுத்து போட்டு வாங்கினார், என்னம்மா புஸ்தகமா இவ்ளோ கனமா இருக்குன்னு கேட்டுக்கிட்டே. திறந்தா கார்க் மேல எம்பி நிக்குது, உள்ள வெயில்ல வெந்த ஜாம். ஒயினரில கேட்டா, லாரில ஏத்தினதுக்கு அப்புறம் எங்க பொறுப்பு இல்லன்னுட்டாங்க. வெயில் காலத்துல அனுப்பாம நிறுத்தி வெக்கச் சொல்லி நாமதான் முன்னாடியே கேட்டிருக்கணுமாம்.

அதனால சேர்றதுன்னா இதெல்லாம் கேட்டுட்டு சேருங்க: எத்தனை பெட்டி வாங்கின அப்புறம் விலகலாம் (ரெண்டோ மூணோ கட்டாயம்னு நிறைய இடத்துல இருக்கும்), பாட்டிலை நாமளே தேர்ந்தெடுக்கலாமா இல்ல அவங்க இஷ்டமா, எந்த மாசம் கார்டுல காசு எடுப்பாங்க, ஒரு தடவை வேணாம்னா தள்ளிப் போட முடியுமா, நேர்ல வந்து எடுத்துக்கலாமா.

வீட்டுக்காரர் கிட்ட இப்படி சொல்லுங்க. போய் பிடிச்ச ஒயின்ல ரெண்டே ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாங்க, கிளப் வேணாம். வாரநாள்ல, சாதாரண ராத்திரி, நம்ம வீட்டு சாப்பாட்டோட திறங்க. ரெண்டும் தீர்ந்து மூணாவது வேணும்னு அவரே வாய் விட்டுக் கேட்டா அப்போ சேருங்க. கிளப் எங்கயும் ஓடிப் போகாது.

கேள்வி: ஆபீஸ் டீமோட நாபாவுக்கு டேஸ்டிங் போறோம். நான் இதுவரைக்கும் ஒயின் குடிச்சதே இல்ல. எல்லாரும் செர்ரி வாசனை, ஓக் வாசனைன்னு பேசுவாங்க, நான் முழிப்பேன். துப்பலாம்னு வேற சொல்றாங்க, நிஜமாவா? (சன்னிவேல் வாசகி)

பதில்: நிஜமா துப்பலாம்மா. மேஜைல ஒரு பாத்திரம் வெச்சிருப்பாங்க, அதுல துப்பலாம், கிளாஸ்ல மிச்சம் இருக்கறதை அதுல ஊத்தலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க. தொழில்ல இருக்கறவங்கதான் அதிகமா துப்பறாங்க, ஒரு நாள்ல ஐம்பது அறுபது ஒயினை ருசி பாக்கறவங்க அத்தனையும் முழுங்கினா வீடு போய் சேர முடியாது. எனக்கு வேணாம்னு கிளாஸ் மேல கை வெச்சாலும் விட்டுடுவாங்க. நீங்கதான் கார் ஓட்டறதுன்னா மூக்கால மோந்து பாக்கறதோட நிறுத்திக்கோங்க. ரத்தத்துல 0.08 பர்சன்ட் தொட்டாலே கலிபோர்னியால கேஸ், அதுக்குக் கீழ இருந்தாலும் தள்ளாடி ஓட்டினா பிடிக்கலாம்.

ருசி பத்தி பயமே வேணாம், நம்ம நாக்குக்கு இல்லாத அனுபவமா? நாவல்பழம் சாப்பிட்டா நாக்கு இழுத்துப் பிடிக்கும்ல, அதைத்தான் அவங்க டானின்னு சொல்றாங்க. எச்சி ஊறுற புளிப்பு இருந்தா ஆசிட். ஓக்குன்னா ஓக் மரப் பீப்பாய் வாசனை, அந்தப் பீப்பாயை உள்பக்கம் நெருப்புல வாட்டி இருப்பாங்க, அதான் கொஞ்சம் வெண்ணிலா, கொஞ்சம் அடுப்புப் புகை. செர்ரி தெரியலன்னா நாவல்பழம்னே சொல்லுங்க, எதிர்ல இருக்கறவங்க கூகுள் பண்ணிக்கட்டும்.

ஒண்ணே ஒண்ணு, சென்ட் அடிச்சுட்டுப் போகாதீங்க, மல்லிப்பூவும் வேணாம். பூ வெச்சுட்டுப் போறதுல எனக்கு ரொம்ப பெருமை, ஆனா மேஜைல இருக்கற எட்டு பேருக்கும் எல்லா ஒயினும் மல்லிப்பூவாத்தான் மணக்கும். காலைல தயிர்சாதமோ எதுவோ வயிறு நிறைய சாப்பிட்டுப் போங்க. டீம் லீடர் கிட்ட ஒரு நாளைக்கு மூணு இடத்துக்கு மேல புக் பண்ண வேணாம்னு சொல்லுங்க, நாலாவது இடத்துல நாக்கு செத்துப் போயிருக்கும். நாபால திடீர்னு போய் நிக்கவும் முடியாது, 1990ல கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) போட்ட சட்டப்படி அதுக்கு அப்புறம் வந்த ஒயினரிக்கெல்லாம் முன்கூட்டியே நேரம் வாங்கித்தான் போகணும். ஆளுக்கு 50 டாலர், 100 டாலர்னு சர்வ சாதாரணமா கேப்பாங்க. கம்பெனி காசுதானே, போயிட்டு வாங்க.

பெரிய நிபுணர்னு யாராவது ரொம்ப அலட்டிக்கிட்டா 1976 கதையை எடுத்து விடுங்க. பாரிஸ்ல ஸ்டீவன் ஸ்பரியர்னு ஒரு இங்கிலீஷ்கார ஒயின் வியாபாரி, லேபிளை மறைச்சு ஃப்ரெஞ்சு பாட்டிலையும் கலிபோர்னியா பாட்டிலையும் ஒரே வரிசைல வெச்சார், யார் மார்க்கைக் கணக்குல எடுத்தாங்களோ அந்த நடுவர்கள் எல்லாரும் ஃப்ரெஞ்சுக்காரங்க. கடைசியில வெள்ளைல ஷாட்டோ மாண்டெலினா, சிவப்புல ஸ்டாக்ஸ் லீப், ரெண்டும் நாபாவுல இருந்து போனது, ரெண்டும் 1973 விளைச்சல், முதல் இடம். லேபிள் தெரியலன்னா அவங்க நிலைமையே அதுதான்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். ஒயின் திராட்சை ரசம்தானே, சைவம்தானே?

பதில்: எப்பவும் இல்ல. ரசத்துல மிதக்கற கசடைத் தெளிய வெக்க சிலர் முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின், மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கற ஒரு பசை இதெல்லாம் சேர்ப்பாங்க. கசடோட சேர்ந்து அதுவும் அடியில இறங்கிடும், வடிச்சுடுவாங்க, ஆனாலும் பட்டது பட்டதுதானே. பென்டோனைட்னு ஒரு களிமண் போட்டு தெளிய வெக்கறவங்களும் இருக்காங்க, ஒண்ணுமே போடாம விடறவங்களும் இருக்காங்க. டேஸ்டிங் போறதுல இது ஒரு வசதி, நேரா கேட்டுடலாம். வீகன்னு கேளுங்க, வெஜிடேரியன்னு கேட்டா பாலும் முட்டையும் ஓகேன்னு நெனைச்சுப்பாங்க.

கேள்வி: தினம் ஒரு கிளாஸ் இதயத்துக்கு நல்லதாமே? என் வீட்டுக்காரர் மருந்து மாதிரி பேசறார்.

பதில்: எந்த அளவும் பாதுகாப்பு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரிலயே சொல்லிடுச்சு. பிடிச்சிருக்குன்னு குடிக்கறேன்னு சொல்லச் சொல்லுங்க, மருந்துன்னு சொல்ல வேணாம்.

கேள்வி: ரெண்டு கிளப்ல இருக்கேன், கராஜ்ல 30 பாட்டில் சேர்ந்துடுச்சு. விலகணும்னா போன்ல விட மாட்டேங்கறாங்க. டிசம்பர்ல சென்னை போறேன், ஒரு பெட்டிய அள்ளிட்டுப் போயிடலாமா? (சான் ஹோசே வாசகர்)

பதில்: தம்பி, மொதல்ல கராஜ்ல இருந்து எடுங்க. ஒயினுக்கு 13 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் பிடிக்கும், கோடைல உங்க கராஜ் அடுப்பு. வீட்டுக்குள்ள குளிர்ச்சியான ரூம்ல துணி அலமாரிக்கு அடில படுக்க வைங்க. வெள்ளை ஒயினையும் இளஞ்சிவப்பு ரோஸே ஒயினையும் முதல்ல குடிங்க, வெச்சு வெச்சு பழசானா ருசி ஏறும்ங்கறது கொஞ்சம் ஒயினுக்குத்தான், கடைல கிடைக்கறதுல பெரும்பாலானது ஓரிரண்டு வருஷத்துல குடிக்கவே பண்ணினது.

சென்னைக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும்தான் சுங்கவரி இல்லாம விடுவாங்க. ரெண்டு பாட்டில் ஒண்ணரை லிட்டர், மூணாவது வெச்சா 2.25, வரி கட்டணும். மனைவியும் வந்தா நாலு பாட்டில், அவ்ளோதான்.

விலகறதுக்கு போன் பண்ணாதீங்க, போன்ல நல்லாப் பேசி மனசை மாத்தத்தான் ஆள் வெச்சிருக்காங்க. ஆன்லைன்ல சேர்ந்திருந்தா ஆன்லைன்லயே விலக வழி கொடுக்கணும்னு 2018 ஜூலைல இருந்து கலிபோர்னியா சட்டம் இருக்கு. நேர்ல சேர்ந்திருந்தா அடுத்த காசு எடுக்கற தேதிக்கு நல்லா முன்னாடியே மெயில் அனுப்பி பதில் மெயிலை பத்திரமா வெச்சுக்கோங்க. கட்டாயப் பெட்டி ஏதாவது பாக்கி இருந்தா அதை மட்டும் சண்டை போடாம வாங்கிடுங்க, அது நீங்க ஒத்துக்கிட்டது.

கேள்வி: எனக்கு சொந்த ஊர் கம்பம். இங்க எந்த டேஸ்டிங் போனாலும் எங்க ஊர் பன்னீர் திராட்சை வாசம் எதுலயும் வரல. நான் தேடறதே தப்பா?

பதில்: தப்பில்ல, தேடற இடம்தான் வேற. 2023ல புவிசார் குறியீடு வாங்கின உங்க ஊர் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க்னு ஒரு ரகம். இங்க அதுக்குப் பேர் பிளாக் மஸ்கட். நாபாலயும் லிவர்மோர்லயும் சிவப்பு கேபர்னேயும் வெள்ளை ஷார்டனேயும் ஊத்தற மேஜைல அது வராது. ஃப்ரெஸ்னோ பக்கம் மடேரால குவாடின்னு ஒரு ஒயினரி, அவங்க எலிஸியம்னு ஒரு இனிப்பு ஒயின் அந்தத் திராட்சைலதான் பண்றாங்க, சின்ன பாட்டில்லயும் வருது. நல்லா ஜில்லுனு வெச்சு, சாப்பாடு முடிஞ்சு, சின்னதா ஒரு கிளாஸ். குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் மூக்கு கிட்ட வெச்சுப் பாருங்க, பாத்துட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.