வெளியில் எடுக்கும் போட்டோக்களில் கண்ணைச் சுற்றி இருட்டு விழுகிறது. என்ன லென்ஸ் வாங்கினால் சரியாகும்?

லென்ஸ் வாங்க வேண்டாம். எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கல்யாண வேலையாகத்தான் இருக்கும். முகூர்த்தம் முடிந்து, பந்திக்கு முன்னால், "அப்படியே வெளியில ரெண்டு படம் எடுத்துடுங்க தம்பி" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த வெயிலுக்கு எந்த லென்ஸும் ஒன்றும் செய்யாது.

நான் 2011 முதல் கும்பகோணம் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறேன். எங்கள் ஊரில் சித்திரை முதல் வாரத்தில் மதியம் 12.10 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. ஆனால் முகத்தில் இருக்கும். புருவம் கண்குழியை மூடிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் இறங்கும்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், அப்படி ஒரு சித்திரையில் மணப்பெண்ணைக் கோபுரத்துக்கு முன்னால் நிறுத்தி நாற்பது படம் எடுத்தேன். நெற்றிச்சுட்டி வெள்ளையாக எரிந்துபோயிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அம்மா, "கண்ணே தெரியலையே தம்பி" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அந்த ஆல்பத்தில் அவர்கள் பெரிதாக்கிக் கேட்டது ஒரே படம்தான். திண்ணை ஓரத்தில் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். போகிற போக்கில் எடுத்தது. அதே நாள், அதே வெயில். ஆனால் திண்ணைக்குக் கூரை இருந்தது, எதிரே சுண்ணாம்படித்த சுவர் இருந்தது. வெயில் சுவரில் பட்டு, முகத்துக்கு நேராக மெதுவாகத் திரும்பி வந்திருந்தது. பாட்டியின் கருவிழியில் அந்தச் சுவர் சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

அதனால் ஆளை நிறுத்துவதற்கு முன் கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அப்படியே நின்ற இடத்தில் ஒரு சுற்று சுற்றுங்கள். விரல் முட்டிகளின் நிழல் எந்தப் பக்கம் மென்மையாகிறதோ, அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புங்கள். சிவப்புத் தரை தாடைக்கு அடியில் சிவப்பை ஏற்றும், ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் சரியாகிவிடும். வேப்பமரத்தடி வேண்டாம். இலை இடுக்கு வழியே வெயில் காசு காசாக முகத்தில் விழும், பச்சையும் ஏறும்.

பிளாஷ் போடலாமே என்பவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பின் அளவு) 2.8 என்று வைத்தால், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/3200 நொடி வேகம் கேட்கும். பெரும்பாலான கேமராக்களில் சாதாரண பிளாஷ் 1/200, 1/250-ஐவிட வேகமான ஷட்டருக்கு ஒத்துவராது. வேகமான ஷட்டரிலும் பிளாஷ் அடிக்க வைக்கும் ஹைஸ்பீட் சிங்கில் போட்டால் பிளாஷின் பலம் குறைந்துவிடும்.

சாயங்கால வெளிச்சம் ஒரு மணி நேரம் இருக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து நம்பாதீர்கள். நம் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்கும். அந்தப் பொன்னிறம் 25 நிமிஷம் நின்றால் பெரிது. ஐந்தரைக்கே இடத்தில் இருங்கள்.

அப்புறம் ஒன்று. கேட்ட கேள்விக்கு வெளியே போகிறேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பொண்ணைக் கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க" என்று கேட்காத வீடு குறைவு. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்து கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் வேலை, பெண்ணின் நிறம் செய்த தப்பில்லை. முகத்துக்கு அளந்து எடுத்தால் போதும். மாநிறக் கன்னத்தில் திண்ணை வெளிச்சம் படும்போது எண்ணெய் தடவிய தேக்கு மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். அதை அழித்து மாவு பூசிய முகமாக்கிக் கொடுக்க எனக்கு மனசு வராது. போன தையில் அப்படி மாட்டேன் என்று சொன்னதால் மீதிப் பணம் இன்னும் வரவில்லை. அந்தப் பெண்ணின் படங்களை நான் மாற்றவும் இல்லை.