செய்தித்தாள் இணையத்துக்குப் போனால் செய்தி சொல்லும் விதம் ஏன் மாறுகிறது?

அச்சுச் செய்தியில் முக்கியமான தகவல் முதல் பத்தியிலேயே வந்துவிடும், போகப் போக முக்கியத்துவம் குறையும். இதைத் 'தலைகீழ்ப் பிரமிடு' என்பார்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் கடைசிப் பத்திகளை வெட்டிவிடலாம், செய்தி கெடாது.

இணையத்தில் அந்த இட நெருக்கடி இல்லை. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த பனிச்சரிவு பற்றிய 'ஸ்னோ ஃபால்' கட்டுரையில் வீடியோ, அசையும் வரைபடம் எல்லாவற்றையும் எழுத்தோடு சேர்த்துக் கோத்தது. மலையின் வடிவத்தையே வாசகர் கண்ணால் பார்க்க முடிந்தது, எவ்வளவு பெரிய மாற்றம்! வழி கேட்டவரிடம் வாயால் சொல்வதற்கும், தெருமுனை வரை கூடவே நடந்து காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

படம் வந்தால் எழுத்துக்கு வேலை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டுரைக்கு 2013இல் கிடைத்த புலிட்சர் பரிசு (அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயரிய விருது), கட்டுரை எழுத்துக்கான பிரிவில்தான்.